வேண்டாம் கையிலிருந்த அலைகாட்டி

முதல் அநியாயம் அவள் பிறந்த அன்றே நடந்தது. முனுசாமிக்கும் கங்கம்மாவுக்கும் நான்காவதும் பெண்ணாகப் பிறந்தபோது, இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்கு நினைவூட்டுவதற்காக அந்தக் குழந்தைக்கே வேண்டாம் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு ஒருத்தி அந்தப் பெயரோடு இருக்கிறாள். இரண்டாவது அநியாயம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. வருகைப் பதிவில் அந்தப் பெயரை வாசிக்கும்போதெல்லாம் வகுப்பு சிரித்ததால் வாத்தியார் அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார், கூப்பிடாத பிள்ளை வராத பிள்ளையாகி, எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மூன்றாவது அநியாயம் காரனைத்தாங்கல் தொழிற்பேட்டையில், விளக்குகளுக்கு மின்பலகை செய்யும் கம்பெனியின் வாசலில் நடந்தது. காண்டிராக்ட் குமாஸ்தா பரந்தாமன் பேனாவைத் திறந்து பேரு என்ன என்றான், அவள் வேண்டாம் என்றாள், வேண்டாம்னா விடு என்று சொல்லிப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் பக்கத்தில் ஹெல்பர் 14 என்று எழுதினான். நான்காவது அநியாயம் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு நடந்தது. ஆறாம் நம்பர் மேஜையில் மின்பலகையைச் சோதித்துக்கொண்டிருந்தவள் நின்றபடியே விறைத்து விழுந்து செத்தாள், வயது இருபத்திரண்டு. மறுநாள் காலை ஹெல்பர் 14 என்ற அட்டையைத் தெய்வானை என்ற இன்னொருத்தியின் கழுத்தில் மாட்டினார்கள், ஆகவே பதிவேட்டின்படி ஹெல்பர் 14 ஒருநாள்கூட லீவு போடவில்லை. ஐந்தாவது அநியாயம் விசாரணையில் நடந்தது. வந்த அதிகாரி கங்கம்மாவிடம் இறந்துபோன மகளின் பெயரைக் கேட்டார், அவள் சொன்னாள், அவர் மறுபடி கேட்டார், அவள் மறுபடி அதையே சொன்னாள், தாயார் மகளின் பெயரைக் கூற விரும்பவில்லை, மேல் நடவடிக்கை வேண்டாம் என்கிறார் என்று எழுதி அவளிடமே கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஆறாவது அநியாயத்தைச் செய்தவன் நான். அது அதன் வரிசையில் வரும். வரிசை பிசகினால் லாபம் எதிராளிக்குத்தான் என்பது நாற்பது வருஷம் துண்டறிக்கை எழுதியதில் நான் கற்றது. கோ. தணிகாசலம் என்று எல்லா அறிக்கையின் அடியிலும் என் பெயர் இருக்கும். நான் கல்லூரியைப் பார்த்ததில்லை. வேலைநிறுத்தம் செய்து வேலையிழந்த வருஷம், சங்க அலுவலகத்தில் விற்காமல் கிடந்த பிரசுரக் கட்டுகளைத் தலைக்கு வைத்துப் படுத்து, எழுந்து, அவற்றையே படித்து முடித்தேன். அதற்குப் பிறகு யார் முன்னாலும் நான் குனிந்ததில்லை. சங்கம் இரண்டாக, நான்காக, எட்டாக உடைந்து, கடைசியில் நான் மட்டும் ஒரு சங்கமாக மிஞ்சியபோதும் குனியவில்லை.

செத்தவளின் பையைக் கம்பெனி திருப்பிக் கொடுத்தபோது காவலாளி ஒரு தவறு செய்தான். டிபன் பாக்ஸ், சீப்பு, ஒரு ஜோடி செருப்பு, இவற்றோடு மேஜையில் கிடந்த கையகலக் கறுப்புப் பெட்டி ஒன்றையும் அவளுடைய செல்போன் என்று நினைத்துப் பைக்குள் போட்டுவிட்டான். கங்கம்மாவும் அதைப் போன் என்றே நினைத்தாள். பதினாறு நாள் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு மணி அடிக்கும் என்று காத்திருந்தாள், அடிக்கவில்லை என்றதும் சார்ஜ் போட வேண்டுமென்று பஜனைகோயில் தெருவில் செல்போன் பழுது பார்க்கும் எஸ்தரிடம் எடுத்துப்போனாள்.

எஸ்தர் அதே கம்பெனியில் ஐந்து வருஷம் சோதனை மேஜையில் நின்றவள், என்னுடைய துண்டறிக்கையை மதிய உணவு டப்பாவுக்குள் வைத்திருந்ததற்காக வெளியே அனுப்பப்பட்டவள். அந்த உபகாரத்துக்காக அவள் என்னை ஒருநாளும் மன்னித்ததில்லை. பெட்டியைக் கையில் வாங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இது போனு இல்ல அத்தே. ஸ்கோப்பு. கரண்டு எப்படிப் போகுதுன்னு கோடு போட்டுக் காட்டும்" என்றாள். கங்கம்மா, கோட்டைக் காட்டினாலும் பரவாயில்லை, ரிப்பேர் பண்ணிக் கொடு என்றாளாம். எஸ்தர் எனக்குச் சொல்லியனுப்பினாள்.

நான் போனபோது பின்மூடியின் நான்கு திருகாணிகளும் ஒரு தேநீர்த் தட்டில் கிடந்தன. அலைகாட்டி என்று அறிவியல் பிரசுரத்தில் படித்திருக்கிறேன், உள்ளே பார்த்ததில்லை. மலிவான சாமான் என்று எனக்கே தெரிந்தது: பாட்டரி பூரிபோல் உப்பியிருந்தது, சார்ஜ் ஏற்றும் துளை தளர்ந்து ஆடியது, சோதனைக் கம்பியைச் செருகும் வாய்க்குப் பக்கத்தில் கடுகளவு உறுப்பு ஒன்று கருகிப் பலகையில் புகைக்கறை படிந்திருந்தது. எஸ்தர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பலகையைத் துருவினாள். பிறகு ஊசிமுனையால் ஒரு செப்பு நூலைத் தொட்டுக் காட்டினாள். அந்த வாய் முன்பே ஒருமுறை உடைந்திருக்கிறது. புதுசு வாங்கிப் போடாமல், யாரோ ஒருவன் அதன் அடிப்பக்க இணைப்பை ஒரு செப்பு நூலால் இழுத்து, வெளிமூடியின் திருகாணியோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறான். பலகையில் கரண்டு பாயும் பக்கத்தில் சோதனைக் கம்பியின் கவ்வியை மாட்டினால், அந்தக் கரண்டு அப்படியே இந்தத் திருகாணிக்கு வரும்.

"இப்ப கையில புடிங்க தோழர்," என்றாள். பிடித்தேன். என் கட்டைவிரல் தானாகப் போய் அந்தத் திருகாணியின் மேல் உட்கார்ந்தது.

செத்தவளுக்காக அழவேண்டிய அந்த நேரத்தில் ஆதாரம் கிடைத்ததற்காக என் வயிறு குளிர்ந்தது. அதையும் எழுதிவைக்கிறேன். அன்றே அதிகாரிக்கு மனுக் கொடுத்தோம். செத்த கருவி சாட்சி சொல்லாது, அது எந்த விளையாட்டுக் கடைப் பொம்மையோ என்று கம்பெனி கேட்கிறது, ஓட வைத்து உள்ளே சேமித்திருக்கும் கடைசி அலையைக் காட்டுங்கள், அது கம்பெனிப் பலகையின் அலைதான் என்றால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. எஸ்தர் மூன்று நாள் உட்கார்ந்தாள். பழைய போனிலிருந்து பாட்டரி எடுத்துப் போட்டாள், கருகியதை மாற்றினாள், தளர்ந்த துளையை இறுக்கினாள். செப்பு நூலை மட்டும் தொடவில்லை. அது அவனுங்க போட்ட கையெழுத்து, அத நான் எதுக்குத் துடைக்கணும் என்றாள்.

நான்காம் நாள் மதியம், கங்கம்மாவையும் என்னையும் வைத்துக்கொண்டு அழுத்தினாள். திரை வெளிச்சமானது. இடது ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி பிறந்து, வலப்பக்கம் ஓடிக் கோடாக நீண்டது. அந்த மாதிரிக் கோடு வலது ஓரத்தைத் தொட்டதும் மறைந்து மறுபடி இடது ஓரத்தில் தொடங்க வேண்டுமாம். இந்தக் கோடு மறையவில்லை. திரையின் ஓரத்தைத் தாண்டி, கறுப்புப் பிளாஸ்டிக்கைத் தாண்டி, மேஜை மேலிருந்த டார்ச்சைத் தாண்டி, சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியின் ஏப்ரல் மாதத்துக்குள் நுழைந்து தெருவுக்குப் போய்விட்டது. எஸ்தர் வெளியே எட்டிப் பார்த்தாள். கோடு ஓட்டல் வாசல்வரை போய் நின்றிருந்தது, இடுப்பு உயரத்தில், ஒரு நூலின் கனத்தில், மெதுவாக ஏறி இறங்கியபடி. அளவு சரியாத்தான் வெச்சேன் என்று சொல்லிக்கொண்டு அவள் அடுத்த போனை எடுத்தாள்.

கருவி ஓடுகிறது என்று அன்றே அதிகாரிக்கு எழுதினேன், பதில் வரவில்லை. அன்றிலிருந்து கோடு ஒரு நாளைக்கு நாற்பது தப்படி நடந்தது. முதல் வாரம் ஜனங்கள் குனிந்து போனார்கள். இரண்டாவது வாரம் ஒரு குழந்தை அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்து, அது அறுவதுமில்லை சுடுவதுமில்லை, போர்வைக்குள் இருந்த கை மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறது என்று சொன்னதும், மூன்றாவது வாரம் தெருப் பெண்கள் துணி காயப்போட ஆரம்பித்தார்கள், துணிகளில் மஞ்சளாக ஒரு வரி விழுந்தது, அதுவே பிறகு எங்கள் தெருத் துணிக்கு அடையாளமானது. டீக்கடைக்காரர் பன் பொட்டலங்களைத் தொங்கவிட்டார். மின்வாரிய ஆள் வந்து சோதனைப் பேனாவை வைத்துப் பார்த்து, எங்களுடையது அல்ல என்று ஒரு சீட்டு எழுதி அதிலேயே கட்டிவிட்டுப் போனார். கேபிள் டிவிக்காரரும் அதையே எழுதிக் கட்டினார். வார்டு கவுன்சிலர் மட்டும் எங்களுடையதுதான் என்று சொல்லிக் கட்சிக் கொடிகளைக் கட்டினார். குழந்தை வரம் கேட்டு ஒருத்தி மஞ்சள் கயிறு முடிந்தாள், அவளைப் பார்த்து இருபது பேர் முடிந்தார்கள். தபால்காரர் மஞ்சக்கோட்டுத் தெரு என்று எழுதிய கடிதங்களைச் சரியாகக் கொண்டுவந்து சேர்த்தார். கோடு காலை ஐந்தே முக்காலுக்கும் மதியம் ஒன்றே முக்காலுக்கும், ஷிப்ட் ஆட்கள் கிளம்பும் நேரத்தில், ஒருதரம் துடிக்கும்; அதைப் பார்த்துச் சிலர் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். எதுவும் எங்கள் ஜனங்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் அதிசயமாக இருக்காது. வெள்ளம் வந்தால் மேட்டில் ஏறுவார்கள், கம்பெனி வந்தால் நிலத்தை விற்பார்கள், கோடு வந்தால் துணி காயப்போடுவார்கள். அது எங்கே போகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கங்கம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சிறுபாலத்தில் அது சட்டென்று உயர்ந்து இறங்கியபோது, "அங்க ஒரு கல்லு பேந்திருக்கும், அவ எப்பவும் தாண்டித்தான் போவா," என்றாள். நான் போய்ப் பார்த்தேன். கல் பெயர்ந்திருந்தது. வேண்டாம் தினமும் வேலைக்கு நடந்துபோன வழியில் கோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இனி என்னுடைய ஆறாவது அநியாயம். ஜனங்களைத் திரட்ட இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஆர்ப்பாட்டம், அறுபது பேர் வந்தார்கள், அதுவே எனக்கு ஆறு வருஷத்தில் பெரிய கூட்டம். நான் வேண்டாமுக்கு என்று முழங்க, அவர்கள் நீதி வேண்டும் என்று முழங்க வேண்டும். வேண்டாம் என்ற சொல் காதில் விழுந்ததும் பின்வரிசை குழம்பி, நீதி வேண்டாம் என்றது. முன்வரிசை வேண்டும் என்றது. சாலையில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். வேண்டும் வேண்டும் என்று நாற்பது வருஷம் கத்தியே தேய்ந்த தொண்டை எனக்கு, அதற்கு முன்னால் போடுவதற்கு இந்தப் பெயரா கிடைத்தது என்று எரிச்சலாக வந்தது. போலீஸ் அறிக்கையில், சுமார் அறுபது பேர் தங்களுக்கு நீதி வேண்டாம் என்று கோஷமிட்டுவிட்டு அமைதியாகக் கலைந்தனர் என்று எழுதினார்கள். அதை வாங்கிப் படித்த ராத்திரியே நான் புது அறிக்கை எழுதினேன். தோழர் வெண்ணிலாவுக்கு நீதி வேண்டும். வெண்ணிலா. ஓசை நன்றாக இருந்தது, சுவரொட்டியில் அழகாக உட்கார்ந்தது, இரண்டாயிரம் பிரதி அடித்தேன்.

அறிக்கை தெருவில் இறங்கிய அன்று கோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றுவிட்டது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, ஷிப்ட் நேரத்தில் துடிப்புமில்லை. ஜனங்கள் ஈரத்துணி பளு தாங்கவில்லை என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். எஸ்தர் பெட்டியைத் திறந்து பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு மேஜையில் கிடந்த என் அறிக்கையைப் பார்த்தாள். "நீங்களும் பரந்தாமனும் ஒரே இங்க்குல எழுதுறீங்க தோழர்," என்றாள். "அவன் கட்டத்த காலியா உட்டான். நீங்க வேற ஆளப் போட்டு ரொப்பிட்டீங்க."

நான் அவளுக்கு இயக்க நடைமுறை பற்றி விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போது கங்கம்மா வந்தாள், யாரோ படித்துக்காட்டிய அறிக்கை கையில் இருந்தது. அவள் கோபப்படவில்லை. இந்த வெண்ணிலா யாரு வீட்டுப் பொண்ணு, பாவம், அவளும் கம்பெனியிலதான் செத்தாளா என்று கேட்டாள்.

என் வாழ்க்கையில் எதிராளிகள் என்னை நிறைய அடித்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியைப் போல ஒருவரும் அடித்ததில்லை. ஒட்டிய சுவரொட்டிகளைக் கிழித்தேன். கொடுத்த பிரதிகளை வீடுவீடாகப் போய்க் கேட்டு வாங்கி, பேனாவால் அடித்துத் திருத்தி, அவள் பேர் வேண்டாம் என்று வாயால் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். என்ன வேணாம் பெருசு, நோட்டீஸ் வேணாமா என்றார்கள். நோட்டீஸ் இல்லை, பெயர் என்றேன். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. சில வீடுகளில் கேட்டவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தி, எங்க சின்னம்மா பேரும் அதான் என்றார்கள். பதினோராம் நாளும் நான் திருத்தி முடித்திருக்கவில்லை, ஆனால் கோடு நகர ஆரம்பித்துவிட்டது.

அது கம்பெனி மதிலை அடைந்தபோது நிர்வாகம் மதிலை இரண்டடி உயர்த்தியது. கோடு இடுப்பு உயரத்தில் மதிலுக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் வந்தது. மதிலை மஞ்சளாகப் பெயிண்ட் அடித்தார்கள், கோடு தெரியாமல் போகும் என்று. தொழிலாளர்கள் அதைப் பார்க்கக் கூடாது என்று சுற்றறிக்கை போட்டார்கள், பார்க்காமல் எப்படிக் குனிந்து போவது என்று ஒருத்தி கேட்டதற்கு அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கோடு உற்பத்திக் கூடத்துக்குள் போய், எல்லா மேஜைகளையும் கடந்து, ஆறாம் நம்பர் மேஜைக்கு முன்னால் நின்றது. அதற்குமேல் ஒரு விரல்கடை நகரவில்லை. அந்த மேஜையில் நின்று வேலை செய்ய எவரும் சம்மதிக்கவில்லை. உற்பத்திக்கு இடையூறு என்று கம்பெனியே அதிகாரிக்கு எழுதியது. ஒரு பெண் செத்ததற்கு அரைமணி நேரம் ஒதுக்கிய அரசாங்கம், ஒரு மேஜை சும்மா கிடந்ததற்கு ஒரு முழுநாளை ஒதுக்கியது. இதை நான் எழுதாமல் விட்டால் என் கை அழுகிப்போகட்டும்.

விசாரணை அந்தக் கூடத்திலேயே நடந்தது. புது அதிகாரி, சின்ன வயது, கோட்டுக்கு அடியில் குனியும் ஒவ்வொரு தடவையும் பேண்டைப் பிடித்துக்கொண்டார். சாட்சிகளாகப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்: தொழிலாளர்கள் எட்டு, கங்கம்மா, எஸ்தர், நான். அவர் முதலில் பெட்டியை அணைக்கச் சொன்னார். எஸ்தர் நீங்களே அணைங்க சார் என்று நீட்டினாள். அவர் அணைத்தார். திரை இருண்டது, கோடு அப்படியே இருந்தது. அவர் அதைக் குறித்துக்கொண்டு மேலே என்ன என்றார்.

எஸ்தர் பின்மூடியைத் திறந்து செப்பு நூலைக் காட்டினாள். பெட்டியை ஓட வைத்து, உள்ளே சேமித்திருந்த கடைசி அலையை எடுத்து, ஆறாம் மேஜையின் பலகை ஒன்றின் அலையோடு ஒப்பிட்டுக் காட்டினாள். மூடியைப் பூட்டி அதிகாரியின் கையில் கொடுத்தாள். அவருடைய கட்டைவிரல் எங்கே போய் உட்கார்ந்தது என்று கூடம் முழுவதும் பார்த்தது. அவரும் பார்த்து, விரலை எடுத்துவிட்டார்.

குமாஸ்தா பரந்தாமன் பதிவேட்டோடு எழுந்தான். கருவி பழுதாகவே இருக்கட்டும் சார், அந்த மேஜையில் நின்றது ஹெல்பர் 14, அவர் ஒருநாள் தவறாமல் வேலைக்கு வருகிறார், இதோ உயிரோடு உட்கார்ந்திருக்கிறார், செத்தவர் என்று ஒருவர் எங்கள் ஏட்டில் இல்லை என்றான். பதினான்காம் அட்டையை மாட்டிக்கொண்டு மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் தெய்வானை. இரண்டு பிள்ளைகள், புருஷன் படுக்கையில், இந்த வேலை போனால் வேறு எதுவும் இல்லை என்று கோட்டைக் கடந்து குனிந்து வந்துகொண்டிருந்தவள். நான் அவள் வீட்டுக்கு நான்கு தடவை போயிருக்கிறேன். நான்கு தடவையும் கதவைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காவிட்டால் கங்கம்மாவின் மகள் செத்தவளும் இல்லை, இருந்தவளும் இல்லை.

அதிகாரி அவளைப் பார்த்து, நீங்கள்தான் ஹெல்பர் 14ஆ என்றார்.

அவள் எழுந்தாள். அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற முயன்றாள், கயிறு கொண்டையில் சிக்கிக்கொண்டது, பக்கத்தில் இருந்தவள் எடுத்துவிட்டாள். "எம் பேரு தெய்வானை. நான் வரும்போது இந்த அட்டையில வேற ஒருத்தி வேர்வ வாசன இருந்துச்சு," என்றாள். "ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சித்தான் மாட்டிக்கினேன். எனக்குப் புள்ளைங்க இருக்குது சார், அதான் இத்தினி நாளு சொல்லல."

பரந்தாமன் அவளைப் பார்த்து, நாளைக்கு வந்துடாத என்று மெதுவாகச் சொன்னான். வரலண்ணா என்றாள் அவளும் மெதுவாக. அதையும் பதிவு செய்யச் சொல்லி நான் எழுந்தேன். அதிகாரி என்னை உட்காரச் சொன்னார், ஆனால் பதிவு செய்தார்.

பிறகு அவர் கங்கம்மா பக்கம் திரும்பி, போன அதிகாரி கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். அவளும் அதே பதிலைச் சொன்னாள். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அதுதான் பெயர் என்றேன். அவர், நல்ல மனதோடுதான், இந்த மாதிரிப் பெயர் கோப்பில் போனால் மேலிடத்தில் தப்பாகப் படித்துவிடுவார்கள், வேறு ஏதாவது கூப்பிடு பெயர் உண்டா, அழகாக ஒன்று போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டார். எனக்கு முகம் எரிந்தது. எஸ்தர் என் பக்கம் திரும்பவேயில்லை, அது அவள் எனக்குச் செய்த ஒரே தயவு.

கங்கம்மா சொன்னாள்: "அந்தப் பேர நாங்கதான் வெச்சோம். தப்புதான். அந்தத் தப்பு எங்களோடது, அத நீங்க திருத்தாதீங்க. அந்தப் பேரச் சொன்னாத்தான் அவ திரும்பிப் பாப்பா."

அதிகாரி எழுதினார். எழுதியதைச் சாட்சிகளுக்கு முன்னால் உரக்க வாசித்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. கம்பெனிக்கு ஒரு எச்சரிக்கை, காண்டிராக்டருக்கு ஒரு நோட்டீஸ், கருவி அரசாங்கப் பொறுப்பில், தெய்வானைக்கு ஒன்றுமில்லை. இவ்வளவுதான் அந்தக் காகிதத்தின் எடை என்பது நாற்பது வருஷமாகக் காகிதம் சுமக்கும் எனக்குத் தெரியும். அவர் தேதியை வாசித்தார். இடத்தை வாசித்தார். மேஜை எண்ணை வாசித்தார். இறந்தவர் பெயர் என்பதுவரை வந்து, பதினோரு முகங்களையும் ஒருமுறை பார்த்தார். ஒரு மனுஷியின் முகத்துக்கு நேராக அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. தணிந்த குரலில் முணுமுணுத்தார்.

"சத்தமாப் படிங்க சார்," என்றாள் கங்கம்மா. "பக்கத்துல மிஷினு ஓடுது."

அவர் காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்து, மெஷின்களுக்கு மேலாக வாசித்தார்:

"இறந்தவர் பெயர், முனுசாமி மகள் வேண்டாம்."